அடுத்த ஷூவுக்கான விலையைக் கிலோமீட்டரில் கட்டுகிறேன்

எனக்கு உடற்பயிற்சியின் மீது பெரிய பிரியம் எதுவும் கிடையாது. ஷூக்களின் மீது உண்டு. சர்க்கரை அளவைக் கண்டு பயந்து நடப்பவர்கள், தொப்பையைக் குறைக்க ஓடுபவர்கள், வீட்டுச் சத்தத்திலிருந்து அரை மணி நேரம் தப்பிக்க வருபவர்கள் என்று புதுச்சேரி பீச் ரோட்டில் விடியற்காலையில் எத்தனையோ வகை மனிதர்களைப் பார்க்கிறேன். அவர்கள் எல்லோருக்கும் ஒரு உயர்ந்த காரணம் இருக்கிறது. நானோ காலில் மாட்டியிருக்கும் பொருளுக்காக வருபவன். ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதன், இருபது வயதில் உடம்பில் இருந்த எடையை விட அதிகம் போகாமல், படிக்கட்டு ஏறும்போது மூச்சு வாங்காமல் இருக்கிறான் என்றால், அதற்கு முழுமுதற் காரணம் மன உறுதி அல்ல, ஷூ மோகம்தான் என்பதை விளக்கவே இந்தப் பதிவு.

ஆரோக்கியம் என்பது ஊக்கம் தருவதற்கு மிகவும் தொலைவில் இருக்கும் பொருள். பதினைந்து ஆண்டு கழித்து வரக்கூடிய மாரடைப்பை இன்று காலை ஐந்தரை மணிக்கு எண்ணிப் பார்த்துப் போர்வையை உதறுகிறவர்கள் சிலரே. மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் போர்வைதான் நிஜம். ஆனால் வாசலில் இருக்கும் ஷூ கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டுகிறது, அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அந்த நிமிடமே நிறைவேறக்கூடியதாக இருக்கிறது. அற்பமான ஆசைதான். ஆனால் அற்பமான ஆசைக்கு இருக்கும் இழுவிசை பெரிய இலட்சியங்களுக்கு இருப்பதில்லை என்பது என் அனுபவம்.

எங்கள் ஊரில் நடப்பதற்குத் தோதான இடத்துக்குப் பஞ்சமில்லை. பீச் ரோட்டில் மாலை ஆறு மணி முதல் காலை ஏழரை மணி வரை வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. ஒரு பக்கம் கடலைத் தடுக்கும் கருங்கற்கள், மறுபக்கம் வெள்ளையும் மஞ்சளுமாகப் பழைய கட்டடங்கள், நடுவே ஒன்றரை கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் சாலை. தெற்குக் கோடியில் துய்ப்ளெக்ஸ் சிலை, ஏறத்தாழ நடுவில் காந்தி சிலை. இரண்டுக்கும் இடையில் நடப்பவர்களின் முகத்தை நான் அதிகம் பார்ப்பதில்லை. பட்டுக்கரை போட்ட புடவைக்குக் கீழே இளஞ்சிவப்பு ஸ்போர்ட்ஸ் ஷூ அணிந்து வேகமாக நடக்கும் அம்மாக்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மகன் கழித்துவிட்ட கூடைப்பந்து ஷூவைப் போட்டு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஹவாய்ச் செருப்பிலேயே என்னை முந்திப் போகும் மீனவர்கள் என்று கால்களின் வழியாகவே அந்தச் சாலையை எனக்குத் தெரியும்.

இந்த மோகம் பள்ளிக்கூடத்து வெள்ளைக் கேன்வாஸ் ஷூவில் தொடங்கவில்லை, அது தண்டனை. வியாழக்கிழமை இரவு கழுவி, வெள்ளைப் பூச்சு பூசி, வெள்ளிக்கிழமை காலை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு போன அந்த ஷூவை யாரும் நேசித்திருக்க முடியாது. எங்கள் குடும்பத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற சித்தப்பா ஒருவர் உண்டு. புதுச்சேரியில் தெருவுக்கு நான்கு வீட்டில் அப்படி ஒரு சித்தப்பா இருப்பார். தொண்ணூறுகளில் ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது அவர் அப்பாவுக்கு ஒரு ஜோடி ஓட்ட ஷூ கொண்டுவந்து கொடுத்தார். சாம்பல் நிறம், பக்கவாட்டில் நீலக் கோடு, குதிகால் பகுதியில் தடித்த வெள்ளை மெத்தை. பெட்டியைத் திறந்தபோது எழுந்த ரப்பரும் பசையும் கலந்த வாசனை எனக்கு இன்றும் மூக்கில் இருக்கிறது. அப்பா அதை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, நல்ல நாளுக்கு ஆகும் என்று அலமாரிக்குள் பத்திரப்படுத்தினார்.

பல ஆண்டுகள் கழித்து, அக்கா கல்யாணத்தின்போது வீட்டை ஒழுங்கு செய்கையில் அந்தப் பெட்டி வெளியே வந்தது. மேல்பாகம் புத்தம் புதிதாக இருந்தது. அப்பா போட்டுக்கொண்டு நான்கு அடி வைப்பதற்குள் வெள்ளை மெத்தை காய்ந்த அதிரசம் போல உதிர்ந்து கூடம் முழுவதும் துகளாகக் கிடந்தது. ஷூவில் குறை எதுவும் இல்லை. அந்தக் காலத்து ஷூக்களில் பலவற்றின் மிட்சோல், அதாவது காலுக்கும் தரைக்கும் நடுவிலிருக்கும் மெத்தை, பாலியூரித்தேனால் செய்யப்பட்டது. காற்றிலுள்ள ஈரம் அந்த வேதிப்பொருளின் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த கடலோர ஊர்களில் இது இன்னும் விரைவாக நடக்கும். பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் தப்பிக்க முடியாது. இப்போது நடை, ஓட்ட ஷூக்களில் அதிகம் இருப்பது இ.வி.ஏ. என்னும் ஃபோம், அது அப்படி உதிராது என்றாலும், பசையும் ரப்பரும் வயதாகி இறுகத்தான் செய்யும். ஷூவைச் சேர்த்து வைப்பவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை வராததற்கு இதுவே காரணம். எங்கள் ஊர்த் தட்பவெப்பத்தில் ஷூவை அனுபவிக்க இருக்கும் ஒரே வழி அதைப் போட்டுத் தேய்ப்பதுதான்.

ஷூவும் நடைப்பழக்கமும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதற்கு நான் யாரிடமும் சொல்லிச் சலிக்காத கதை ஒன்று உண்டு. 1962 டிசம்பரில், அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஓட்டப் பயிற்சியாளராக இருந்த பில் பவர்மன் தம் வீரர்களுடன் நியூசிலாந்துக்குப் போனார். அங்கே ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர், ஒலிம்பிக் வீரர்களை உருவாக்கியதோடு நிற்காமல், கடைக்காரர்களையும் அலுவலகக்காரர்களையும் இதய நோயிலிருந்து மீண்டவர்களையும் மெதுவோட்டம் ஓட வைத்துக்கொண்டிருந்தார். நீங்களும் வாருங்கள் என்று அழைத்ததும் பவர்மன் உற்சாகமாகக் கிளம்பினார். அவருக்கு வயது 51. வாழ்நாள் முழுவதும் ஓட்டக்காரர்களோடே இருந்தவர். ஆனால் ஒரு குன்றின் ஏற்றத்தில் அவருக்கு மூச்சு முட்டியது. எழுபதைக் கடந்த, மாரடைப்பிலிருந்து மீண்ட பெரியவர் ஒருவர் அவருக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்தபடி உடன் வந்தார். சில வாரங்கள் அங்கேயே தங்கித் தினமும் ஓடிய பவர்மன், எடை குறைந்து இடுப்புச் சுருங்கி ஊர் திரும்பினார்.

திரும்பியவர், தம் பல்கலைக்கழகம் இருக்கும் யூஜீன் நகரத்து மக்களை மைதானத்துக்கு அழைத்து மெதுவோட்டம் கற்றுக்கொடுத்தார். இதய மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து 1967-இல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார். அமெரிக்கத் தெருக்களில் சாதாரண மனிதர்கள் ஓடத் தொடங்கியதற்கு அந்தப் புத்தகமும் ஒரு காரணம். இதே மனிதர்தான் 1964-இல் தம் பழைய மாணவர் ஃபில் நைட்டுடன் ஆளுக்கு 500 டாலர் போட்டு, ஜப்பானின் ஒனிட்சுகா டைகர் ஷூக்களை இறக்குமதி செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் நைக்கி ஆனது அதுவே. எழுபதுகளின் தொடக்கத்தில், இன்று புதுச்சேரிக் கடைகளிலும் கிடைக்கும் வாஃபிள் என்னும் கட்டம் போட்ட பலகாரத்தைச் சுடத் தம் மனைவி பார்பரா வைத்திருந்த இரும்பு அச்சுக்குள் யூரித்தேனை ஊற்றி, கட்டம் கட்டமாகப் பிடிமானம் தரும் அடிப்பாகத்தைச் செய்ய முயன்றதும் அவர்தான். ஒட்டாமலிருக்க எதையும் தடவாததால் அச்சு திறக்கவே முடியாமல் ஒட்டிக்கொண்டது. வீணாகிப்போன அந்த அச்சு 2010-இல் அவர் வீட்டுக் குப்பைக் குழியிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டு, இன்று அந்நிறுவனத்தின் பொக்கிஷமாக இருக்கிறது. பட்டறையில் அவர் பயன்படுத்திய பசையின் ஆவி பின்னாளில் அவருடைய கால் நரம்புகளையே பாதித்தது என்பது இந்தக் கதையின் கசப்பான பகுதி. ஓடச் சொன்னவரும் ஓடுவதற்கு ஷூ செய்தவரும் ஒரே ஆளாக இருந்தார் என்பதில்தான் எனக்குச் சுவை. ஷூ ஆசையும் உடல் உழைப்பும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைப்பவர்களுக்குப் பவர்மனின் பட்டறையைக் காட்டலாம்.

புது ஷூ வாங்கினால் மட்டும் நடைப்பழக்கம் வந்துவிடுமா என்றால், வராது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கேட்டி மில்க்மன் தலைமையில் நடந்த ஓர் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. விறுவிறுப்பான ஒலிப்புத்தகங்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்க முடியும் என்று ஒரு குழுவினருக்கு ஏற்பாடு செய்தார்கள். தொடக்கத்தில் அவர்கள் மற்றவர்களைவிட 51 சதவீதம் அதிகமாகக் கூடத்துக்கு வந்தார்கள். நவம்பர் கடைசியில் ஒரு விடுமுறை வந்தது. அதன் பிறகு அந்த ஆர்வம் வடிந்துவிட்டது. புது ஷூவின் கதையும் இதுதான். பெட்டியைத் திறந்த முதல் வாரம் அலாரம் அடிப்பதற்கு முன்பே விழிப்பு வரும். மூன்றாவது வாரம் அந்த ஷூவும் வீட்டில் இருக்கும் பொருள்களில் ஒன்றாகிவிடும். அப்போது ஷூ மோகம் உள்ளவன் இன்னொரு ஷூவைத் தேடுவான், நடப்பதை விட்டுவிடுவான்.

என்னை அந்த வழியில் போகவிடாமல் தடுத்தது என் மனைவி. வாசலில் நான்காவது ஜோடி வந்து நின்ற அன்று அவள் சத்தம் எதுவும் போடவில்லை. "என்னங்க, கால் ரெண்டுதானே இருக்கு? இருக்கறதெல்லாம் தேயட்டும், அப்புறம் வாங்கிக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னது வீட்டுச் செலவைக் கருதி. எனக்கு அது ஒரு சட்டமாகவே ஆகிவிட்டது. நடை, ஓட்ட ஷூவின் மெத்தை பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பார்கள். நான் 600 என்று வைத்துக்கொண்டேன். ஒரு ஜோடி 600 கிலோமீட்டரை முடிக்காமல் அதன் இடத்துக்கு அடுத்தது வராது. வாரம் இருபது கிலோமீட்டர் நடக்கிறவருக்கு ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், எப்போது அடுத்த ஷூ என்பது அவரவர் காலில் இருக்கிறது. ஆசைப்பட்ட ஷூவின் படத்தைப் பார்த்து ஏங்கும் நாளில் நான் இணையக் கடையைத் திறப்பதில்லை, காந்தி சிலையை நோக்கி நடக்கிறேன். அதற்கான விலையில் ஒரு பகுதியை அன்றைக்குக் கட்டிவிட்ட திருப்தி கிடைக்கிறது. அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிய தாளில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வரி உண்டு. நடந்து வந்ததும் பென்சிலால் கூட்டி எழுதுவேன். செயலிகள் இதைச் செய்யும் என்பது தெரியும். பென்சிலில் எழுதும்போது கிடைக்கும் சுகம் அதில் இல்லை.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நடந்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்தது. ஒரு செயல் தன்னியல்பாக நடக்கும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகும் என்றும், ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப இது 18 முதல் 254 நாள் வரை மாறுபடும் என்றும் அதில் கண்டார்கள். நடுவே ஒருநாள் விட்டுப்போவதால் பெரிய பாதிப்பு இல்லை என்பது அதில் எனக்குப் பிடித்த செய்தி. கிலோமீட்டர் கணக்குக்கும் இதே நல்ல குணம் உண்டு. நாள் கணக்கு வைப்பவருக்கு ஒருநாள் தவறினால் சங்கிலி அறுந்துபோகும். அத்தோடு மனதும் விட்டுப்போகும். கிலோமீட்டர் குறைவதே இல்லை. மழையில் நான்கு நாள் வீட்டுக்குள் கிடந்தாலும் ஷூவின் கணக்கு விட்ட இடத்தில் அப்படியே நிற்கும்.

தினமும் பத்தாயிரம் காலடி நடந்தே தீர வேண்டும் என்று தன்னை வருத்திக்கொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த எண் மருத்துவ ஆய்வில் பிறந்தது அல்ல. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965-இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த, காலடிகளை எண்ணும் கருவியின் பெயரில் இருந்த எண் அது. வயதான பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தவர்களை விட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதமே கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடியைத் தாண்டிய பிறகு பலன் மேலும் கூடவில்லை.

இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போடும் என் வழக்கத்துக்கு அறிவியலின் ஆசீர்வாதமும் உண்டு. லக்சம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்த ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகளை மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. வெவ்வேறு ஷூக்கள் காலின் மீது வெவ்வேறு விதமாகச் சுமையை இறக்குவதால், ஒரே தசையும் ஒரே எலும்பும் தினமும் அடி வாங்குவதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். மனைவியிடம் இந்த ஆய்வைக் காட்டித்தான் ஒரே சமயத்தில் இரண்டு ஜோடி வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினேன். மூன்றாவது ஜோடிக்கு ஆய்வு உண்டா என்று கேட்டாள்.

தேய்ந்த ஷூவைத் திருப்பிப் பார்ப்பது எனக்குப் புது ஷூவைப் பார்ப்பதை விட சுவாரசியமான வேலை. என் வலது ஷூவின் குதிகால் வெளிவிளிம்பில் ரப்பர் சாய்வாகத் தேய்ந்து, கீழிருக்கும் வெள்ளை ஃபோம் ஒரு விரல் அகலத்துக்கு எட்டிப் பார்க்கிறது. இடது ஷூவில் அதே இடத்தில் பள்ளங்களின் கோடு இன்னும் அழியவில்லை. பீச் ரோட்டில் நான் போகும்போதும் வரும்போதும் என் வலப்பக்கத்து ஓரத்திலேயே நடப்பதும், நீர் வடிய அந்தச் சாலை லேசாகச் சரிந்திருப்பதும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று தோன்றியதிலிருந்து, திரும்பி வரும்போதும் போன அதே ஓரத்திலேயே வந்துவிடுகிறேன். பக்கவாட்டு மெத்தையில் கிடைமட்டமாகச் சுருக்கங்கள் ஆழமாகி, கட்டை விரலால் அழுத்தினால் முன்புபோல மீண்டு வராவிட்டால், அடிப்பாகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த ஷூவின் வேலை முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதிச் சந்தையில் ஷூக்கள் குவியலாகக் கிடக்கும். பெரும்பாலும் போலி. "சார், ஃபர்ஸ்ட் காப்பி சார், கடைக்காரனே கண்டுபிடிக்க மாட்டான்" என்பார்கள். மேல்பாகத்தை அச்சு அசலாகச் செய்துவிடுகிறார்கள். ஆனால் மெத்தை வெறும் மலிவு ஃபோம், கனமாகவும் கட்டையாகவும் இருக்கும். கல்லூரி வாசலில் நிற்க அது போதும், தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவருக்கு ஆகாது. அசல் எங்கோ வெளிநாட்டில் உருவாகிறது என்று நினைப்பவர்களும் ஷூவின் நாக்குப் பகுதியில் தைத்திருக்கும் சீட்டை ஒருமுறை படிக்கலாம். திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாறில் தைவான் நிறுவனமொன்றின் ஆலையில் நைக்கி ஷூக்கள் தயாராகின்றன. அங்கே தைப்பதும் ஒட்டுவதும் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஷூவைப் போட்டு நடக்க நேரமும் காசும் இருக்கும் என்ற கேள்வி, விலைச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருகிறது.

இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் போகும் கார்பன் தகடு பதித்த ஷூக்களைப் பற்றி இளைஞர்கள் கேட்கிறார்கள். கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே 2019 அக்டோபரில் வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடியது அந்த வகை ஷூவில்தான். அடுத்த ஆண்டு உலகத் தடகள அமைப்பு, சாலை ஓட்ட ஷூக்களின் அடிப்பாகத் தடிமன் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று வரம்பு விதித்தது. அவை பந்தய நாளுக்கானவை. நடக்கிறவருக்கு அவற்றால் பயன் இல்லை, மெத்தையும் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஷூ பைத்தியம் தலைக்கேறும் போதெல்லாம் நான் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலாவை நினைத்துக்கொள்வேன். 1960-இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை அவர் வெறுங்காலில் வென்றார். நான்கு ஆண்டு கழித்து டோக்கியோவில், குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்த சில வாரங்களில், ஷூ அணிந்து மீண்டும் வென்றார்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் எங்கள் ஊரில் ஷூவுக்கும் நடைக்கும் சோதனை. நனைந்த ஷூவை வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் பசை விட்டுவிடும். லேஸைத் தளர்த்தி, உள்ளே பாதம் படும் மெத்தையான இன்சோலை உருவித் தனியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து மின்விசிறிக்குக் கீழே வைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றினால் மறுநாள் காலைக்குள் ஏறக்குறைய காய்ந்துவிடும். காயாவிட்டாலும் கவலையில்லை, இரண்டாவது ஜோடி எதற்கு இருக்கிறது?

முதல் ஷூ எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் நிறுவனத்தின் பெயரைச் சொல்வதில்லை. பகலெல்லாம் நடமாடிக் கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், நடக்கும்போது அணியும் காலுறையோடே கடைக்குப் போங்கள். இரண்டு காலிலும் போட்டு எழுந்து நில்லுங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். குதிகால் வழுக்கக் கூடாது. போகப் போகச் சரியாகிவிடும் என்று விற்பனையாளர் சொன்னால் வாங்காதீர்கள், போட்ட அந்த நிமிடமே சுகமாக இல்லாத ஷூ பின்னாலும் பெரும்பாலும் சுகப்படாது. குதிகால் லேசாக ஆடினால் மட்டும், கணுக்காலுக்கு அருகில் யாரும் பயன்படுத்தாமல் விட்டுவிடும் அந்தக் கடைசித் துளையில் லேஸை வளையம் போலக் கோத்து, எதிர்ப்பக்க நுனியை அதற்குள் விட்டு இழுத்துக் கட்டிப் பாருங்கள். பல நேரங்களில் அதுவே போதும். மூவாயிரம் ரூபாய்க்குள் நல்ல நடை ஷூ கிடைக்கும். அதில் முந்நூறு ரூபாயை ஒதுக்கி, பருத்தி அல்லாத காலுறை இரண்டு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்வதால் எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் நான்காவது கிலோமீட்டரில் கொப்புளம் வந்துவிடும்.